கப்பில் நிற்கும் தக்காளி

ஆகஸ்ட் 4

டைரியின் முதல் பக்கத்தில் என்னென்னவோ கேட்கிறார்கள். பெயர்: பூங்கோதை. தொழில்: சாம்பிள் டெய்லர், குழந்தைத் துணி ஏற்றுமதி கம்பெனி, திருப்பூர். எடை என்ற இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். அது மாறிக்கொண்டே இருக்கட்டும்.

கட்டிலின் கால் பக்கத்தைச் செங்கல் வைத்து உயர்த்தியாகிவிட்டது. தலை தாழ்வாக, கால் மேலாக. வயிற்றில் மூன்றரை மாதம். கர்ப்பப்பை வாயில் தையல் போட்டிருக்கிறார்கள். பாத்ரூம் போவதற்குத் தவிர எதற்கும் எழுந்திருக்கக் கூடாது என்று டாக்டரம்மா உத்தரவு. இதற்கு முன் இரண்டு தடவை ஐந்தாம் மாதத்தில் போய்விட்டது. அதைப் பற்றி இதில் எழுதப் போவதில்லை. பொழுது போவதற்காக எழுதுவது, பொழுது போகிற விஷயங்களை மட்டும் எழுதினால் போதும்.

"இத்தனை வருசம் ஊருக்கெல்லாம் தெச்சேன், இப்ப எனக்கே தையல் போட்டுட்டாங்க பாருங்க" என்று என் வீட்டுக்காரர் லோகநாதனிடம் சொன்னேன். நல்ல ஜோக் என்றுதான் நினைத்தேன். இவர் சிரிக்கவில்லை.

வீட்டில் ஒரு வார்த்தைக்குத் தடை. போன இரண்டு தடவையும் சொந்தபந்தம் எல்லாம் கேட்டது ஒரே கேள்வி: "நிக்குமா?" பிறகு, "நிக்கலையாமா?" அதனால் இவருடைய அம்மா, என் அத்தை ராமாத்தாள், அந்தச் சொல்லையே வீட்டை விட்டுத் துரத்திவிட்டார். எங்கள் வீட்டில் மழை நிற்பதில்லை, ஓய்கிறது. பஸ் நிற்பதில்லை, "வந்து சித்தெ இருந்துட்டுப் போகுது." நேற்று ஃபேன் ஓடாமல் போனபோது இவர் "ஃபேன் நின்னு" என்று ஆரம்பித்து, அத்தை பார்த்த பார்வையில் "தூங்கிருச்சு" என்று முடித்தார்.

ஆகஸ்ட் 7

படுத்தபடி பார்த்தால் பால்கனி தெரிகிறது. கம்பி, கம்பிக்கு அப்பால் எதிர்வீட்டு வாட்டர் டேங்க். இதைத் தை மாதம் வரைக்கும் பார்க்க என்னால் முடியாது, நாலு செடியாவது வையுங்கள் என்றேன். கீழ்வீட்டு ஓனர், மண்ணை மட்டும் மேலே ஏற்றக் கூடாது, தளம் ஒழுகும் என்று சொல்லிவிட்டார்.

இவர் சாயங்காலம் மூடி போட்ட ஒரு பெரிய கறுப்பு டப்பாவும் மீன்தொட்டி மோட்டாரும் வாங்கிக்கொண்டு வந்து நின்றார். (எழுதும்போது தடை இல்லை.) போனில் வீடியோ பார்த்தாராம்.

"மண்ணே வேண்டாம் கோதை. மூடில ஓட்டை போட்டுச் செடியத் தொங்க உட்டா, வேரு தண்ணிக்குள்ள இருக்கும். உரத்தையும் தண்ணிலயே கலந்துக்கலாம்."

"தண்ணிலயே கெடந்தா அழுகிப் போகாதாடா?" என்றார் அத்தை.

"அதுக்குத்தானுங்மா மோட்டாரு. அடியில இருந்து முட்டை உட்டுட்டே இருக்கும். வேரு மூச்சு உடும்."

"வெள்ளிக்கெழமையும் அதுவுமா என்றா முட்டை!"

சோப்பு முட்டை மாதிரி காற்று முட்டை என்று விளக்கி முடிப்பதற்குள் எனக்குச் சிரித்து வயிறு குலுங்கியது. "சிரிக்காத அம்மணி, ஆடக்கூடாது" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் பாய்ந்தார்கள்.

ஆகஸ்ட் 12

நேற்று நர்சரியிலிருந்து குழித்தட்டு நாற்று வந்தது. நாலு தக்காளி, இரண்டு மிளகாய். வேரோடு ஒட்டியிருந்த தேங்காய் நார்த் தூளோடு அப்படியே இறக்கிவிட்டார். காலையில் தண்ணீர் டிக்காஷன் நிறம். தூள் போய், மோட்டார் குழாயின் நுனியில் முட்டை விடுகிற காற்றுக் கல்லை அடைத்து, மோட்டார் ஆஸ்துமாக்காரர் மாதிரி இழுத்தது.

ஆகஸ்ட் 13

இன்னும் இழுக்கிறது.

ஆகஸ்ட் 15

லீவு நாள். இவர் பால்கனியில் உட்கார்ந்து ஒவ்வொரு நாற்றின் வேரையும் அலசி, தூள் போகக் கழுவினார். மண் இல்லை, நார் இல்லை, கூழாங்கல் இல்லை. வெறும் செடி. அம்மணமாகத் தட்டில் கிடந்த ஆறையும் பார்த்தால் பாவமாக இருந்தது.

இப்போது இதை எதில் நிறுத்துவது? வேர் மட்டும் நனைய வேண்டும், தண்டின் கழுத்து நனையக் கூடாது. முதலில் பஞ்சு சுற்றிச் செருகினார். பஞ்சு தண்ணீரை உறிஞ்சிக் கழுத்தை ஊறப்போட்டது. பிறகு நூல் கட்டித் தொங்கவிட்டார். ஆறும் குடித்துவிட்டு வந்த மாதிரி ஆறு பக்கம் சாய்ந்தன. இவர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, தன்னை மறந்து, சத்தமாகக் கேட்டுவிட்டார்.

"இது நிக்குமா?"

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. இவர் முகம் சுண்டிப்போயிற்று. நான் கூரையைப் பார்த்தேன்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. யார் மேல் என்று தெரியவில்லை. "ஏனுங்க, நீங்க என்ன வேலைங்க பாக்கறீங்க? கழுத்துக்குக் கீழ தாங்கிப் புடிக்கறது உங்க கம்பெனிக்குத் தெரியாததா?" என்றேன்.

இவர் லேடீஸ் உள்ளாடை கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். ஒரு நிமிடம் விழித்தார். அப்புறம் செருப்பைக்கூட மாட்டாமல் கீழே ஓடினார்.

ஆகஸ்ட் 16

லீவிலும் வாட்ச்மேனைப் பிடித்துக் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த ஒரு பை நிறைய ஃபோம் கப். துணி ஒட்டாத, கழித்துப்போட்ட, வெள்ளை வெளேரென்ற பிரா கப். மூடி ஓட்டையில் மல்லாக்க உட்காரவைத்தால் கச்சிதமாக உட்காருகிறது. கப்பின் நடுவில் தண்டு அளவுக்குத் துளை, செடியை நுழைக்க விளிம்பிலிருந்து ஒரு வெட்டு. துளையைப் பஞ்ச் மெஷின் வைத்து அளவு பிசகாமல் போட்டார். வெட்டை நான் படுத்தபடியே ஊசிநூலால் சேர்த்துத் தைத்துக் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்துக் கையில் ஊசி! ஆறு கப்பும் இடைவெளி தெரியாத தையல். கண்காட்சிக்கு வைக்கலாம்.

அத்தை வெளியே வந்து பார்த்தார். வரிசையாக ஆறு கப், ஒவ்வொன்றிலும் ஒரு செடி.

"கருமம், கருமம். ஒறம்பரைங்க வந்தா என்னத்தடா சொல்றது?"

"சைஸ் முப்பத்தி நாலுன்னு சொல்லுங்மா."

சாயங்காலம் ஓனர், மண் கிண் ஏற்றியிருக்கிறோமா என்று பார்க்க மேலே வந்தார். பால்கனியை எட்டிப் பார்த்தார். காது வரைக்கும் சிவந்து, "செரிங், செரிங்" என்று சொல்லிக்கொண்டே இறங்கிப் போனார். இனிமேல் வரமாட்டார்.

ஆகஸ்ட் 26

மூடியைத் தூக்கிக் காட்டினார். வேர்கள் வெள்ளை வெளேரென்று தாடி மாதிரி தொங்குகின்றன. எனக்கு இவ்வளவு சந்தோஷம் ஏன் என்று தெரியவில்லை. தக்காளி வேர்தானே. இன்னொரு தடவை தூக்கச் சொன்னேன். அப்புறம் இன்னொரு தடவை.

செப்டம்பர் 2

மோட்டார் நன்றாக ஓடுகிறது. மிளகாயில் புது இலை. ஐந்தாம் மாதம். மோட்டார் நன்றாக ஓடுகிறது.

செப்டம்பர் 7

தக்காளி நாலும் வாடுகின்றன. தண்ணீர் இருக்கிறது, உரம் இருக்கிறது, காற்று இருக்கிறது. வேரும் வெள்ளையாகத்தான் இருக்கிறது. தண்ணீருக்குள் வேரை வைத்துக்கொண்டு மேலே தாகத்தில் சாகிற செடியை நான் பார்த்ததில்லை. இவர் உரத்தை மாற்றினார். அத்தை திருஷ்டி சுற்றினார். ஒன்றும் பலிக்கவில்லை.

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வெயில்தான் காரணம்.

செப்டம்பர் 8

கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடித்திருக்க வேண்டாம் என்று இருக்கிறது.

ஒரு கப்பைச் செடியோடு என் கட்டிலுக்குக் கொண்டுவரச் சொன்னேன். தண்டு தடித்திருக்கிறது. துளை அதே துளை. கப் பிடித்த இடத்தில் மட்டும் தண்டு மோதிரம் இறுகிய விரல் மாதிரி நெரிந்து கிடக்கிறது. வேர் குடிக்கிற தண்ணீர் எப்படி மேலே ஏறும்?

பிழை எங்கள் இரண்டு பேருடையதும். இவருடைய தொழிலில் நூலிழை இடைவெளி இருந்தாலும் பீஸ் ரிஜெக்ட். நானாவது சொல்லியிருக்க வேண்டும். குழந்தைத் துணி தைக்கிறவள் நான். வளர்கிற பிள்ளைக்குத் தைத்தால் உள்ளே துணி விட்டுத் தைக்க வேண்டும், பிறகு பிரித்து விடலாம் என்பது எனக்குப் பாவாடை வயதிலிருந்தே தெரியும். இருந்தும் கண்காட்சிக்குத் தைக்கிற மாதிரி இறுக்கித் தைத்துவைத்தேன்.

கத்தரிக்கோல் வாங்கி ஆறு கப்பிலும் என் தையலை வெட்டினேன். வெட்டு விரிந்து கொடுத்தது. தையல் இல்லாமலே ஃபோம் தானாகத் தண்டை அணைத்துக்கொண்டது. விழவில்லை. இவர் "அட!" என்றார்.

ஒரு சந்தேகம் வந்திருக்கிறது. எழுத மாட்டேன்.

செப்டம்பர் 10

தக்காளி நாலும் தலை நிமிர்ந்துவிட்டன. எனக்கு இடுப்பில் லேசாக வலி. சொல்லவில்லை.

செப்டம்பர் 11

சொல்லிவிட்டேன். ஆட்டோவில் குலுங்கும் என்று ஓனர் தன் காரை எடுத்துவந்தார். வண்டியை மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டினார். பின்னால் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். அந்த மனிதர் ஒரு தடவைகூட அசரவில்லை. அவரைப் பற்றி இனிமேல் கேலி எழுதக் கூடாது.

ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேட்டேவிட்டேன்.

"டாக்டர், எனக்குப் போட்ட தையல்ல உள்ள துணி விட்டிருக்கீங்களா?"

"என்னம்மா?"

"கொழந்தை வளருமில்லீங்களா. தையல் இறுக்கிப் புடிச்சிருச்சுன்னா? எங்க தக்காளி நாலும்..." அழுதுவிட்டேன். இவர் தக்காளிக் கதையைத் திக்கித் திக்கிச் சொன்னார். பிரா கப் வருகிற இடத்தில் மட்டும் "ஒரு மாதிரியான ஃபோமுங்க" என்றார்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நான் கொழந்தையக் கட்டலம்மா. பையோட வாயத்தான் கட்டியிருக்கேன். சுருக்குப் பை பாத்திருக்கீங்கல்ல? பைக்குள்ள எவ்வளவு வேணும்னாலும் போடலாம், பை பெருசாகும். சுருக்கு மேல இருக்கற கயித்துக்கு என்ன? அது பாட்டுக்கு வாயப் புடிச்சுட்டு இருக்கும். இந்த வலி தசை இழுக்கறது, வேற ஒண்ணுமில்ல. தையல் கல்லு மாதிரி நிக்குது."

அத்தை கதவோரத்திலிருந்து கேட்டார். "என்னங் சொன்னீங்க?"

"நிக்குதுன்னேன்."

"இன்னொருக்காச் சொல்லுங்."

காது கேட்கவில்லை என்று நினைத்து டாக்டரம்மா சத்தமாகச் சொன்னார். "நல்லா நிக்குதுங்கம்மா!" வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே சுவரோடு சாய்ந்துவிட்டார்.

செப்டம்பர் 12

தடை நீங்கியது. நீங்கியது மட்டுமா? காலையிலிருந்து அத்தை அந்த ஒரு வார்த்தையை வைத்தே குடித்தனம் நடத்துகிறார். "பால்காரன் வந்து நிக்கறான்." "வாசல்ல மாடு நிக்குது." "ஏன்டா நிக்கற, உக்காரு." நின்ற மழையை இரண்டு தடவை நின்றதாக அறிவித்தார்.

செப்டம்பர் 30

இன்று ஒன்றும் நடக்கவில்லை. நேற்றும் ஒன்றும் நடக்கவில்லை. ஐந்தாம் மாதம் முடிந்து ஒரு வாரம் ஆகிறது. ஒன்றும் நடக்காத நாள் இவ்வளவு ருசியாக இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

அக்டோபர் 9

தக்காளி கப்புக்கு மேலே முழ உயரம் போய்விட்டது. கப் கழுத்தைப் பிடிக்கும், உடம்பையும் சேர்த்துப் பிடிக்குமா? இவர் மறுபடியும் கம்பெனிக்கு ஓடி, பிரா ஸ்ட்ராப் ஒரு கட்டு கொண்டுவந்தார். மேலே கம்பியில் ஒரு கொக்கி, கீழே தண்டைச் சுற்றித் தளர்வாக ஒரு வளையம். நடுவில் ஏற்றி இறக்குகிற பக்கிள் வேறு. செடி வளர வளரப் பக்கிளைத் தள்ளிவிட்டால் போதும். வளர்கிற பிள்ளைக்கு விடுகிற துணி இதுதான்.

சிவப்பு, கறுப்பு, ரோஸ் என்று கலர் கலராகத் தொங்குகிறது. "அம்மன் கோயில் திருவிழாத் தோரணமாட்ட இருக்குது" என்றார் அத்தை. கருமம் என்ற சொல் போன மாதத்தோடு போயிற்று.

அக்டோபர் 21

காலையிலிருந்து கரண்ட் இல்லை, மோட்டாரும் ஓடவில்லை. இவர் வேலைக்குப் போய்விட்டார். அத்தை ஒரு முக்காலியைப் போட்டு டப்பா பக்கத்தில் உட்கார்ந்து, சொம்பில் மோந்து மோந்து உயரத்திலிருந்து ஊற்றினார். டீ ஆற்றுகிற மாதிரி. "மூச்சு உடுங்க சாமி, நல்லா மூச்சு உடுங்க" என்று செடியோடு பேச்சு. மத்தியானம் வரைக்கும் விடவில்லை. கை வலிக்குமே, போதும் அத்தை என்றேன்.

"நீ சும்மா படுத்திரு அம்மணி. உன்ற வேல அது, என்ற வேல இது."

அப்போதுதான் உள்ளேயிருந்து ஓர் உதை. இதுவரைக்கும் பூச்சி ஊர்கிற மாதிரி இருந்தது. இது உதை. வயிற்றின் மேல் வைத்திருந்த டைரி எகிறிவிட்டது. அத்தையைக் கூப்பிட்டேன். ஈரக் கையோடு ஓடிவந்து வயிற்றில் வைத்தார். சில்லென்றதும் இன்னொரு உதை.

"காலு பலமா இருக்குது" என்றார். பிறகு போய் மிச்சத் தண்ணீரையும் ஊற்றினார்.

நவம்பர் 8

தீபாவளி. முதல் தக்காளி பழுத்தது. யார் சாப்பிடுவது என்று சண்டை. கடைசியில் நாலாக வெட்டி மூன்று பேரும் ஆளுக்கொரு துண்டு. நாலாவது துண்டையும் எனக்கே கொடுத்தார் அத்தை. "அது உனக்கில்ல" என்றார்.

உப்பு போடாமலே இனித்தது. பெருமைக்காகச் சொல்லவில்லை, உண்மை.

டிசம்பர் 6

பழம் தாங்கவில்லை. தினம் தக்காளி ரசம், தக்காளிச் சட்னி, தக்காளிச் சோறு. ஓனர் வீட்டுக்கு ஒரு கிண்ணம் அனுப்பினோம். இரண்டு நாள் கழித்து அவரே மாடி ஏறி வந்தார். தலையைக் குனிந்து தரையைப் பார்த்தபடியே கேட்டார்: "அந்த... அந்தத் தாங்கறது... எங்களுக்கும் நாலு கெடைக்குங்களா?"

இவர் ரொம்பப் பணிவாக, "எந்த சைஸுங்க வேணும்?" என்றார். மனிதர் ஓடியே போய்விட்டார். மறுநாள் இவர் தானே எட்டு கப்பைத் தாளில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். கேலி எழுதக் கூடாது என்று சொல்லியிருந்தேன், முடியவில்லை.

ஜனவரி 11

நாளை தையலை வெட்டுகிறார்கள். வெட்டினால் உடனேகூடப் பிறக்கலாம், பை கட்டி ரெடியாக வாருங்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். பை கட்டியாகிவிட்டது. அத்தை இரண்டு தடவை பிரித்துத் திரும்பக் கட்டினார். கட்டிலுக்கடியில் இருந்த செங்கல்லை எடுத்துவிட்டார்கள். வீடு நேராகத் தெரிகிறது. எனக்கு அது கோணலாகப் படுகிறது.

பயமாக இருக்கிறது. முதல் முறையாக இதில் அந்தச் சொல்லை எழுதுகிறேன். பயமாக இருக்கிறது.

ஜனவரி 12

வெட்டியாயிற்று. ஒன்றும் இல்லை. இனி நடக்கலாம், மாடி இறங்கலாம் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நானே நடந்து பால்கனிக்குப் போய்த் தக்காளியைத் தொட்டேன். இத்தனை மாதம் படுத்தபடி பார்த்த செடியை, அது இருக்கிற இடத்துக்கே போய்த் தொட்டது இன்றுதான். இலையில் ரோமம் இருக்கிறது. கையெல்லாம் தக்காளி வாசம்.

ஜனவரி 15

பொங்கல். பானை பொங்கியது. வேறொன்றும் நடக்கவில்லை.

ஜனவரி 17

நடக்கவில்லை. போனில் கேட்கிறவர்களுக்கு அத்தை பதில் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார். "தையலப் பிரிச்சாச்சுங். கதவத் தெறந்து வெச்சாச்சு. உள்ள உக்காந்துட்டு வரமாட்டேங்குதுங்."

எங்களுக்குச் சிரிப்பு வந்தால் அடக்க முடியவில்லை. இத்தனை மாதம் மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, இரு இரு என்று கெஞ்சினோம். கெஞ்சியது காதில் விழுந்துவிட்டது போலிருக்கிறது.

ஜனவரி 19

அத்தை என் வயிற்றுக்கு எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். "என்ற சாமி, போதும். இருந்த வரைக்கும் போதும். உன்ற அப்பன் மூஞ்சியப் பாக்க வேண்டாமா? செரி, அது வேண்டாம், எம்மூஞ்சியப் பாக்க வா." இவர் "ஏனுங்மா, எம்மூஞ்சிக்கு என்ன?" என்றார். நான் சிரித்த சிரிப்பில்

ஜனவரி 21

பாதியில் விட்ட வரியை முடிக்கப் போவதில்லை. சிரித்த சிரிப்பில் பனிக்குடம் உடைந்தது, அவ்வளவுதான். ஓனர் காரை இந்தத் தடவை பறக்கவிட்டார்.

நேற்றுக் காலை பிறந்தாள். பெண். மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. தலை நிறைய முடி. இத்தனை வருடம் தைத்த உடுப்பில் ஒன்றுகூட இவள் மேல் இல்லை. அத்தையின் பழைய நூல் சேலையில் சுருண்டு கிடக்கிறாள். அதுவே நன்றாக இருக்கிறது.

இன்று துணி மாற்ற வந்த ஆயாம்மா, அவளைத் தூக்கிக் கையில் ஏந்திப் பார்த்துவிட்டு, "அழகாயிருக்கறாளே. தலச்சனுங்களா?" என்று கேட்டார்.

"ஆமாங்" என்றார் இவர்.

"இல்லீங்" என்றேன் நான். "மூணாவது."

இவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் அத்தையைப் பார்க்கவில்லை. அந்த இரண்டையும் பற்றி இத்தனை வருடத்தில் அவர் முன்னால் நான் வாய் திறந்ததில்லை. அவரும் திறந்ததில்லை. திட்டுவார், நல்ல நேரத்தில் அதை ஏன் எடுக்கிறாய் என்பார் என்று காத்திருந்தேன்.

அத்தை எழுந்து வந்து ஆயாம்மா கையிலிருந்து குழந்தையை வாங்கினார். நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

"ஆமாங்" என்றார். "மூணாவதுதானுங். முன்னால வந்த ரெண்டும் வழி பாத்து வெச்சுட்டுப் போயிருக்குது. இவ அதுல நடந்து வந்துட்டா."

நான் அழுதேன். இவரும் அழுதார். ஆயாம்மா ஒன்றும் புரியாமல் எனக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். எனக்கு மூன்று குழந்தைகள். எழுதியாகிவிட்டது. கடைசிப் பெண் பசியில் கத்துகிறாள், டைரியை மூடிவிட்டுப் பால் கொடுக்கப் போகிறேன்.